ஊறுவதும் இறங்குவதும்

ஏப்ரல் 9

அக்கா,

ஒரு வருடம் ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். செய்தால் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டுவேன், கடைசியில் "சரி" என்று சொல்லி வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது.

விஷயம் இதுதான். சின்னவளை, என் மகளை, நீ எடுத்துக்கொள்கிறாயா?

கோபத்தில் எழுதவில்லை. சொல்லப்போனால் எந்த உணர்ச்சியிலும் எழுதவில்லை. அவளைக் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், சனிக்கிழமை நகம் வெட்டுகிறேன். எதுவும் தவறுவதில்லை. ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு செய்கிறேன். இப்போது தூக்கவேண்டும். இப்போது சிரிக்கவேண்டும். போன வாரம் மாடிப்படியில் மூன்று படி உருண்டாள். "அப்பா" என்று கத்தினாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், பிறகு வாசல் கதவைப் பார்த்து அழுதாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. பிரசவ வார்டில் எட்டாவது நாளும் பால் வராதபோது, என் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "பால் மார்புல இல்லடி, மூளையில இருக்கு. எலிகூட நிம்மதியா கண்ண மூடினாத்தான் குட்டிக்குப் பால் இறங்குது. நீ அந்தக் குழந்தைய வேணும்னு நினைச்சாத்தானே?" பக்கத்துக் கட்டில்காரி வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் உன்னைப் போகச் சொன்னேன். போய்விட்டாய்.

அன்றைக்கு நீ சொன்னது அநியாயம் என்று நினைத்தேன். இப்போது சரி என்று நினைக்கிறேன். நீ பெரிய படிப்புப் படித்தவள். என்னிடம் ஏதோ இல்லை. உனக்குக் குழந்தை இல்லை, ஆனால் அந்த ஏதோ உன்னிடம் இருக்கிறது. ஆகவே கேட்கிறேன்.

யோசித்து எழுது.

நான்


ஏப்ரல் 14

என் வாலுக்கு,

அந்தப் பெயரில் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

உன் உறையை லேபில் வைத்துப் பிரித்தேன். எதிரில் பெட்டியில் ஒரு தாய் எலி, அதன் அடியில் பத்துக் குட்டிகள். என் வேலை உனக்குத் தெரியும்: குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவை விடாமல் சப்பிக்கொண்டேயிருக்கும், ஆனால் பால் விடாமல் வராது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை, தாய் அயர்ந்திருக்கும்போது, அதன் மூளையில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடவென்று வெடிக்கும். இரண்டு மூன்று விநாடிதான். பாலை இறக்குகிற ஆக்சிடோசின் இரத்தத்தில் கலக்கும். பத்துப் பதினைந்து விநாடி கழித்துப் பத்துக் குட்டிகளும் ஒன்றாகக் காலை விறைத்து நீட்டும். அந்த நேரத்தைப் பதிய நான் பொத்தானை அழுத்துவேன். பதினாறு வருடமாக அந்தப் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததில் இரண்டு தடவை விட்டுவிட்டேன். பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எலி தூங்கிச்சா, நீங்க தூங்கினீங்களா?" என்றார்.

அன்று நான் சொன்ன விதம் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்தைத் தவறு என்று இன்று சொன்னால் அது பொய். பயம், வலி, பதற்றம் எல்லாம் அந்தச் செல்களை வாயடைக்கும். நீ மூன்று நாள் பிரசவ வலியில் கிடந்தாய், அவ்வளவு இரத்தம் போயிற்று, நாலு பாட்டில் ஏற்றினார்கள். பதறாமல் என்ன செய்வாய்? இதைத்தான் சொல்ல வந்தேன். வேறு மாதிரி வந்து விழுந்துவிட்டது.

சின்னவளைப் பற்றி. நிஜமாகத்தான் கேட்கிறாயா? நிஜம் என்றால் என் பதில், சரி.

வேகமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பதினோரு வருடக் கல்யாணத்தில் நான் எதற்காக எத்தனை டாக்டரிடம் போனேன், பிறகு அத்தான் எதற்காக என்னை விட்டுப் போனார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதனால் என்னை நானே சந்தேகப்படுகிறேன். இருந்தாலும், சரி.

அவள் என்ன சாப்பிடுவாள்? எந்தப் பக்கம் படுப்பாள்?

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

சோறு குழைவாக இருக்கவேண்டும். முட்டையில் மஞ்சள் மட்டும். வெள்ளையைக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துச் சோபாவில் துப்புவாள். வலது பக்கம் படுப்பாள். தூங்கும்போது யாருடைய காதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும். என் காதைப் பிடிப்பதில்லை, குளிர்ந்திருக்கிறதாம். அப்படி அவள் சொல்லவில்லை, தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள்.

அவரிடம் சொன்னேன். சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கட்டும். நீ தேறினதும் கூட்டிட்டு வந்துரலாம்" என்றார். தேறுவதற்கு எனக்கு என்ன, காய்ச்சலா? நான் மறுத்துப் பேசவில்லை. மே இருபதாம் தேதி நீ வந்தால் அவருக்குக் கடை விடுமுறை. அவரே ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு வருவார்.

இங்கே எல்லோரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஸ்வெட்டரோடு அலைகிறேன். கீழ் வீட்டு டைப்பிஸ்ட், "உங்களுக்கு மட்டும் தனி ஊரா மேடம்?" என்று கேட்கிறாள். பகலில் பாதி நேரம் தூங்குகிறேன். பிழை திருத்தப் பிரஸ்ஸிலிருந்து வரும் ப்ரூஃப் ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகிறது. போன மாதம் ஒரே பக்கத்தில் மூன்று பிழையை விட்டிருக்கிறேன். முதலாளி சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். முன்பென்றால் வெட்கத்தில் செத்திருப்பேன். வட்டங்களைப் பார்த்தேன், நல்ல வட்டமாக இருந்தன.

உனக்கு மட்டும் சொல்வதற்கு ஒன்று. மாதவிலக்கு திரும்பி வரவே இல்லை. பிரசவத்துக்காக மழித்த இடத்தில் முடியும் திரும்ப முளைக்கவில்லை. சௌகரியம்தான், ஒரு வேலை மிச்சம். உன் எலிகளுக்கும் இப்படித்தானா?

நீ "சரி" என்று எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். அழுவேன் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் இது சரியான முடிவு என்று உறுதியாயிற்று.

நான்


மே 3

வாலு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இருபதாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டில் ஒன்று வாங்கியிருக்கிறேன், கம்பி வைத்தது, ஜன்னலோரம் போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். யோசித்துப் பார்த்துச் சொல். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாள், நான்காம் நாள், மார்பு கட்டியதா? கல் மாதிரி கனத்ததா, வலித்ததா, துணி நனைந்ததா? ஒரு சொட்டாவது?

வேறு எதுவும் இன்று எழுத வரவில்லை.

அக்கா


மே 8

அக்கா,

இல்லை. ஒரு நாளும் கட்டவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. பக்கத்துக் கட்டில்காரி மார்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவாள், துண்டை நனைத்துப் போட்டுக்கொள்வாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வலி எனக்கு வராதா என்று இருந்தது. எனக்கு இரண்டும் சும்மா, ஏதோ இன்னொருத்தியின் சட்டைப் பை போலத் தொங்கின. இதை ஏன் இப்போது கேட்கிறாய்?

கையெழுத்து சரிகிறது, பொறுத்துக்கொள். இவர் என்னைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனார். இரத்தம் பார்த்தார்கள். தைராய்டு குறைவாம். "அவ்வளவுதான்மா, இதுக்கா இவ்வளவு சோர்ந்து போயிட்டீங்க?" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலையில் வெறும் வயிற்றில். ஒரு வாரம் ஆகிறது. அதற்கப்புறம் மோசமாகத்தான் இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, சாப்பிட்டது நிற்கவில்லை. நேற்றுக் குளியலறையில் எழுந்து நின்றேன், அடுத்து ஞாபகம் இருப்பது தரையின் ஓடு. முகம் ஈரமாக இருந்தது. சின்னவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பழகிவிட்டது போல.

இருபதாம் தேதி வேண்டாம், முன்னாலேயே வந்து கூட்டிப்போய்விடு. அவளுடைய துணியை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன். அதற்கே இரண்டு நாள் ஆனது.

நான்


மே 11

வாலு,

இந்தக் கடிதம் வரும்போது நீ பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பாய். மாப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டேன். காலையில் உன் உறையைப் பிரித்து, "வெறும் வயிற்றில்" என்ற இடம் வரை படித்தேன். மீதியைப் போன் செய்த பிறகுதான் படித்தேன். அந்த மாத்திரையை அவர் இன்றே நிறுத்தியிருப்பார். டாக்டரிடம் என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, கடையின் லென்ஸ் அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "பிரசவத்தில் நிறைய இரத்தம் போனது. பால் சுரக்கவே இல்லை. மாதவிலக்கு வரவில்லை. பிட்யூட்டரியைப் பாருங்கள். கார்ட்டிசால் கொடுக்காமல் தைராய்டு மாத்திரை கொடுக்காதீர்கள்." இரண்டு தடவை திரும்பப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தையும் விடவில்லை. நல்ல மனிதர்.

உனக்கும் சொல்லவேண்டும். பால் ஊறுவது ஒன்று, ஊறிய பால் இறங்குவது வேறொன்று. இரண்டையும் மூளைதான் நடத்துகிறது, ஆனால் வேறு வேறு வழியில். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி புரோலாக்டினைச் சுரக்கவேண்டும். அப்போதுதான் பால் ஊறும். சாதாரண நாட்களில் மூளை அதை அமுக்கியே வைத்திருக்கும், குழந்தை சப்பச் சப்பப் பிடியைத் தளர்த்தும். கர்ப்பத்தில் இந்தச் சுரப்பி பெருத்துவிடும், நிறைய இரத்தம் கேட்கும். பிரசவத்தில் இரத்தம் கொட்டிப்போனால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். அதன் முன்பகுதி செத்துப்போகும். முதல் அடையாளம், பால் வராது. பிறகு மற்றவை ஒவ்வொன்றாக நிற்கும். மாதவிலக்கு, முடி, உடம்பின் சூடு, தெம்பு, பசி. ஆசையும் கோபமும் அழுகையும்கூட. தைராய்டு மாத்திரை தவறான மருந்து இல்லை, ஆனால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசாலும் நின்றுபோன உடம்பை அது விரட்டும். விரட்டினால் உடம்பு விழுந்துவிடும்.

நான் பதினாறு வருடமாகப் பால் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பவள். அதனால் உன் கட்டிலருகில் நின்று, பால் இறங்கவில்லை என்று முடிவு கட்டினேன். ஊறவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இறங்காத பால் கல்லாகக் கட்டும், உனக்குக் கட்டவே இல்லை. வார்டில் தரை துடைத்த அம்மா கேட்டார்: "கட்டியிருக்கா பாத்தீங்களா?" நான்தான், "நீங்க சும்மா இருங்க" என்றேன். எலிக் குட்டி பால் குடித்ததா என்று நான் தினமும் அதைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் வெள்ளையாகத் தெரியும். பத்துக் குட்டியின் வயிற்றையும் பார்க்கிறவள் என் தங்கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. உன்னிடம் இல்லாமல் போனது அந்தச் சுரப்பி. வேறெதுவும் இல்லாமல் போகவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்லவளாக நிறுத்தியிருப்பேன்.

உன் ஏப்ரல் 22 கடிதம் எனக்கு 24ஆம் தேதி வந்தது. முடி முளைக்கவில்லை என்று நீ எழுதியிருந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று சொல்லலாம், ஆனால் தெரிந்துவிட்டது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் போய்க் கட்டில் வாங்கினேன். மருந்து கொடுத்தால் நீ எழுந்து உட்காருவாய். எழுந்து உட்கார்ந்தால் அவளைக் கொடுக்கமாட்டாய். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்பது நாள், பல் துலக்கினேன், பொத்தானை அழுத்தினேன், கட்டிலுக்கு விரிப்புத் தைத்தேன். பத்தாவது நாள் உனக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதினேன், பதில் தெரிந்த கேள்வி. போன் பக்கத்திலேயேதான் இருந்தது.

நீ ஒன்றும் உணரமுடியவில்லை என்று எழுதுகிறாய். உனக்குச் சுரப்பி செத்துப்போயிருக்கிறது. எனக்கு எல்லாச் சுரப்பியும் ஒழுங்காக வேலை செய்கிறது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. காலையில் இரண்டு மாத்திரை, மத்தியானம் ஒன்று. ஒரு வாரம் கழித்துத் தைராய்டையும் சேர்த்தார்கள். ஆயுள் முழுக்க. காய்ச்சல் வந்தால் கூடுதலாகப் போடவேண்டுமாம், மறந்தால் மறுபடி தரையின் ஓடுதான். இவர் மாத்திரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை எனக்கே கொடுத்து, சாவி எங்கே என்று தினமும் கேட்கிறார்.

பெரிய டாக்டர் அந்த லென்ஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். "டாக்டரா?" "இல்ல சார், எலிக்குப் பால் வருதான்னு பாக்கறவங்க." அவர் சிரித்தார். பிறகு, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் இந்தச் சீட்டுக்கு அவசியம் இருந்திருக்காது என்றார்.

நீ ஒன்பது நாள். டாக்டர் சொன்னது இரண்டு நாள். படுத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் வெறும் எண்களாகத்தான் இருந்தன. உன் கடிதத்தை ஒரு ப்ரூஃப் மாதிரிதான் படித்தேன். ஓர் இடத்தில் ஒற்றுப் பிழைகூடக் கண்டுபிடித்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பசித்தது. சாப்பிட வேண்டிய நேரம் என்பதால் இல்லை, நிஜமாகவே பசித்தது. தட்டு வருவதற்குள் பொறுக்க முடியவில்லை. அன்று பத்து மணிக்கு உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "கட்டிலுக்கு விரிப்புத் தைத்தேன்" என்ற இடத்தில் காது சூடாயிற்று. மாத்திரை அதிகமாகிவிட்டதோ என்று பயந்து இவரைக் கூப்பிட்டேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இது கோவம்மா" என்றார். சொல்லிவிட்டு அவருக்குத்தான் கண் கலங்கியது, லூசு மாதிரி.

அன்பு வந்துவிட்டதா என்று கேட்காதே. தெரியவில்லை. அது எப்படி இருந்தது என்று மறந்துவிட்டது, வந்தாலும் அடையாளம் தெரியுமோ என்னவோ. கோபம் தெரிகிறது. வார்டில் அன்று நீ சொன்னதற்குச் சேரவேண்டியதும் இப்போதுதான் வருகிறது, இரண்டு வருட பாக்கி. உன் மேல், தெருமுனை டாக்டர் மேல், நாலு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினவர்கள் மேல். எல்லாவற்றிலும் உன் மேல் அதிகம். உயிரைக் காப்பாற்றியவள் என்று இவர் உன்னைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் உண்மைதான். ஒன்பது நாள் கணக்கை அவரிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

சின்னவளை அனுப்பமாட்டேன். நீயும் வராதே. நான் சொல்லும்வரை வராதே. கடிதம் எழுதினால் படிப்பேன், பதில் போடுவேனா தெரியாது. என்னை அந்தப் பெயரில் கூப்பிடலாம்.

நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவினாள், அத்தனையும் சரிந்தது. "ஏய், கையை எடுடி!" என்று கத்திவிட்டேன். அப்படி ஒரு குரலை அவள் இந்த வீட்டில் கேட்டதில்லை. அப்படியே நின்றாள். அழப்போகிறாள், அப்பாவைத் தேடப்போகிறாள் என்று காத்திருந்தேன். வாசல் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மெதுவாக, இன்னொரு துணியை இழுத்தாள். மறுபடி கத்துகிறேனா என்று பார்க்கிறாள். கத்தினேன்.

மூன்றாவதையும் இழுத்தாள்.

வாலு